பேஸ்பால் மரமட்டையில் ஹிட்டிங் பயிற்சி: வாங்குவதிலிருந்து ஆட்ட மட்டைக்குத் திரும்புவது வரை

அலுமினிய மட்டையில் மட்டுமே பழகிய 14 பிள்ளைகளின் கையில் முதல் நாளே மரமட்டையைக் கொடுத்து, நேராகப் பந்தெறியும் பிட்சிங் மெஷின் முன்னால் நிறுத்தினேன். 12 நாளில் 6 மட்டைகள் உடைந்தன. அதைவிடப் பெரிய நட்டம், நன்றாக அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் உடம்புக்கு நெருக்கமாக உள்பக்கம் வரும் பந்தைப் பார்த்தாலே கையை இழுத்துக்கொள்ள ஆரம்பித்ததுதான். மரமட்டையில் கைப்பிடிக்குப் பக்கத்தில் பந்து பட்டால் உள்ளங்கை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி எரியும். அந்தப் பயம் போக அவர்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

மரத்தின் மீதோ பிள்ளைகள் மீதோ குற்றம் இல்லை, நான் வைத்த வரிசைதான் தப்பு. அடுத்த பருவத்தில் வரிசையை மாற்றினேன், அதே எண்ணிக்கைப் பிள்ளைகள், பருவம் முழுவதற்கும் 3 மட்டைதான் உடைந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். 13 வயதுக்கு மேற்பட்ட, உலோக மட்டையில் ஆடிப் பழகியவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளர்களையும் மனதில் வைத்து எழுதியது. இன்னும் சின்னப் பிள்ளைகள் என்றால் 6-ஆம் படியில் டீ (அசையாத பந்தை வைத்து அடிக்கும் தாங்கி) வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே அவர்களுக்குப் போதும்.

ஏன் மரம் என்பதற்கு ஒரு பத்தி மட்டும். உலோக மட்டை உள்ளே வெற்று. பந்து பட்டதும் அதன் சுவர் கொஞ்சம் உள்ளே அமுங்கித் திரும்ப எகிறும், பந்தைத் தள்ளிவிடும். கனமும் அதில் கை பக்கமாக இருக்கும்படி அமைக்க முடியும், அதனால் சுழற்றுவது சுலபம். சரியாகப் படாத பந்தும் ஏதோ ஓரளவு போய்விடும், ஹிட்டருக்கு, அதாவது அடிப்பவருக்கு, தன் தப்பு தெரியாது. மரத்தில் கனம் மட்டையின் பருத்த பகுதியான பேரல் பக்கம், நன்றாகப் படும் இடமோ சின்னது. சரியாகப் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது, ஒரு சுத்தமான ‘டொக்’ சத்தம் மட்டும் கேட்கும். தப்பாகப் பட்டால் கையும் சொல்லும், காதும் சொல்லும், மட்டையில் விழுந்த தடமும் சொல்லும். அந்த மூன்றையும் ஹிட்டர் கவனிக்கப் பழகுவதற்குத்தான் இத்தனை செலவும் பாடும்.

1. முதலில் விதியைப் பாருங்கள், தாள்களை எடுத்து வையுங்கள்

பயிற்சியில் எந்த மட்டையும் பிடிக்கலாம் என்று நினைத்து வாங்கிவிட்டு, பிறகு அதையே ஆட்டத்துக்கும் கொண்டுபோய் நடுவரிடம் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். வாங்குவதற்கு முன்னால் உங்கள் லீக்கின் நடப்பு ஆண்டு விதிப்புத்தகத்தில் மட்டை பற்றிய பக்கத்தை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒரே துண்டு மரத்தில் செய்த மட்டை மட்டும்தான். பருமன் அதிகபட்சம் 2.61 அங்குலம், நீளம் அதிகபட்சம் 42 அங்குலம். நுனியில் கிண்ணம் மாதிரி குடைந்திருந்தால் ஆழம் 1.25 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பிடிப்புக்குத் தடவும் பைன் டார் பிசின் அடிமுனையிலிருந்து 18 அங்குலம் வரைக்கும்தான். அங்கே கல்லூரி ஆட்டங்களில் 2011 முதலும், உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 2012 முதலும் உலோக மட்டைகளுக்கு பிபிகோர் முத்திரை கட்டாயம். மட்டை பந்தைத் திருப்பித் தள்ளும் திறனுக்கு 0.50 என்ற உச்சவரம்பு வைக்கும் தரம் அது.

இதில்தான் பொறி இருக்கிறது. ஒரே துண்டு மரமட்டைக்கு அந்த முத்திரை தேவையில்லை. ஆனால் மூங்கில் மட்டையும், பல துண்டுகளை ஒட்டிச் செய்த கலப்பு மட்டையும் பார்க்க மரம் மாதிரியே இருந்தாலும் விதியின் கண்ணுக்கு மரம் இல்லை, அவற்றுக்கு முத்திரை வேண்டும். பயிற்சிக்கு மட்டும் என்றால் கவலை இல்லை. ஆட்டத்திலும் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் முத்திரையைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஓர் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: விதிப்புத்தகப் பக்கம், ரசீது, உத்தரவாத அட்டை, முதல் பந்து படுவதற்கு முன் எடுத்த மட்டையின் நான்கு பக்கப் படம். ஒரே துண்டு மரமட்டைக்கு உத்தரவாதம் பெரும்பாலும் கிடையாது, கொடுத்தாலும் குறுகிய நாட்களுக்குத்தான். மூங்கிலுக்கும் கலப்புக்கும் கொடுப்பார்கள், ஆனால் ரசீதில் தேதி இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். ரசீது வெயில் பட்டால் அழிந்துபோகிற தாளில் வருகிறது, வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். வாடகைக் கேஜில் (வலைக்கூண்டில்) பயிற்சி என்றால், மரமட்டைக்கு அனுமதி உண்டா, மெஷினில் என்ன பந்து போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்தப் பந்து விஷயத்துக்கு 6-ஆம் படியில் வருகிறேன்.

2. எந்த மரம்

நான்கு வகைக்குள்தான் நீங்கள் சுற்றுவீர்கள்.

ஆஷ் லேசானது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தப்பாகப் பட்டாலும் கையை அவ்வளவு வதைக்காது. ஆனால் தொடர்ந்து அடிக்க அடிக்க மேல்பரப்பு செதில் செதிலாக உரியும். ஆஷ் மரத்தைத் துளைக்கும் ஒரு பச்சை வண்டு வட அமெரிக்கக் காடுகளை அழித்துக்கொண்டிருப்பதால் நல்ல ஆஷ் மட்டை கிடைப்பதும் அரிதாகிவிட்டது.

மேப்பிள் கெட்டி, அடர்த்தி அதிகம், மேல்பரப்பு உரியாது. இன்று தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பிடிப்பது இதைத்தான். அதனால் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் மேப்பிள் தப்பை மன்னிக்காது, உடையும்போது விரிசலோடு நிற்காமல் பெரிய துண்டாகப் பறக்கும். கற்றுக்கொள்பவர் கையில் முதல் மட்டையாக மேப்பிளைக் கொடுக்காதீர்கள் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிர்ச் இந்த இரண்டுக்கும் நடுவில். ஆஷ் அளவுக்கு வளையும், மேப்பிள் அளவுக்கு உரியாமல் இருக்கும். புதிதாக இருக்கும்போது மேல்பரப்பு மெத்தென்று இருக்கும், டீயில் வைத்து நிதானமாக ஒரு நூறு நூற்றைம்பது பந்து அடித்துப் பழக்கினால் இறுகிவிடும். பழக்காமல் நேராக வேகப்பந்துக்குக் கொண்டுபோனால் பள்ளம் விழும், அதைப் பார்த்து ‘மட்டை மட்டம்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த மட்டை உழைக்கும். ஜப்பானில் பள்ளி அணிகள் பயிற்சிக்கு இதைப் பிடிப்பது பழக்கம். தப்பாகப் பட்டால் கையில் வலி நன்றாகவே தெரியும், ஆனால் மட்டை லேசில் உடையாது. அணியின் பொது மட்டையாக மூங்கில், ஒவ்வொருவருக்கும் சொந்தமாக வேண்டும் என்றால் பிர்ச், இதுதான் இப்போது நான் சொல்வது.

3. நீளம், எடை, வடிவம்

எல்லோரும் செய்யும் தப்பு, அலுமினியத்தில் பிடித்த அதே நீளத்தையே மரத்திலும் வாங்குவது. 33 அங்குலம், 30 அவுன்ஸ் என்று இரண்டிலும் எழுதியிருக்கலாம், தராசிலும் ஒன்றாகவே காட்டலாம். ஆனால் மரத்தில் கனம் முன்னால் இருப்பதால் சுழற்றும்போது அது இன்னொரு மட்டையாக இருக்கும். அரை அங்குலம் முதல் 1 அங்குலம் வரை குறைத்து வாங்குங்கள். நீளத்தின் அங்குல எண்ணிலிருந்து எடையின் அவுன்ஸ் எண்ணைக் கழித்தால் 2 அல்லது 3 வருவதுதான் மரத்தில் வழக்கம். அதைவிட லேசானது வேண்டும் என்று தேடிப் போனால் மரத்தின் அடர்த்தி குறைந்த மட்டைதான் கையில் வரும், அது சீக்கிரம் போய்விடும்.

கடையில் ஹிட்டரை வெறுமனே பிடித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. தொடர்ந்து 8 சுழற்றல் சுழற்றச் சொல்லி, கடைசி இரண்டை மட்டும் பாருங்கள். பின் தோள் இறங்கி, பேரல் கையைவிடக் கீழே தொங்க ஆரம்பித்தால் மட்டை அவருக்குக் கனம்.

வடிவத்துக்கு எண்கள் உண்டு, நிறையத் தயாரிப்பாளர்கள் அதே எண்களைத்தான் சொல்வார்கள். 110 என்றால் கைப்பிடி தடிமன், கனம் சமமாகப் பரவியிருக்கும். 271 என்றால் கைப்பிடி கொஞ்சம் மெலிவு, பேரல் நடுத்தரம், இதுவும் சமநிலையானது. 243 என்றால் பேரல் பெரிது, கைப்பிடி மெலிவு, கனம் நுனியில். புதியவருக்கு 110 நல்லது, 271 பரவாயில்லை, 243 வேண்டாம். கைப்பிடி தடிமனாக இருக்கும் மட்டை உள்பக்கப் பந்தில் அவ்வளவு எளிதாக உடையாது, புதியவர்கள் உடைப்பதே அங்கேதான்.

அப்புறம் மர ரேகை. கைப்பிடியிலிருந்து மேல்நோக்கி ரேகைகள் நேராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில்தான் நாளைக்கு உடையும். ஆஷில் இது கண்ணுக்குத் தெரியும். மேப்பிளிலும் பிர்ச்சிலும் தெரியாது, அதனால் கைப்பிடியில் ஒரு மைப்புள்ளி வைத்திருப்பார்கள். மை ரேகை வழியே கசிந்து ஒரு சின்னக் கோடாக ஓடியிருக்கும். அந்தக் கோடு மட்டையின் நேர்கோட்டிலிருந்து 3 பாகைக்கு மேல் சாயாமல் இருப்பது நல்லது, தொழில்முறை மட்டைகளுக்கு வைத்திருக்கும் அளவும் அதுதான். கைப்பிடிக்குக் கருப்புச் சாயம் அடித்து, மைப்புள்ளியும் இல்லாத மலிவு மட்டையை வாங்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை.

4. செலவையும் நாளையும் கணக்குப் போடுங்கள்

ஒரு மட்டையின் விலையைப் பார்க்காதீர்கள், பருவம் முழுவதற்கும் எத்தனை மட்டை என்று பாருங்கள். தனியாகப் பயிற்சி செய்பவர் 2 மட்டைக்குப் பணம் ஒதுக்கட்டும், ஒன்று உடைந்தால் பயிற்சி நிற்காது. அணி என்றால் ஆளுக்கொன்று வாங்கவே தேவையில்லை. என் 14 பேருக்கு 31, 32, 33 அங்குலத்தில் தலா 2 என்று 6 பொது மட்டைகள் சரியாக வந்தது. அதிலும் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்காமல் மூன்றில் இரண்டு பங்கை வாங்கிவிட்டு மீதிப் பணத்தைக் கையில் வையுங்கள். நான்காவது வாரத்தில்தான் யாருக்கு எந்த அளவு என்று உங்களுக்கே தெளிவாகும்.

சாயத்தில் கறை, எழுத்துப் பிழை மாதிரியான சின்னக் குறைகளுக்காகக் குறைந்த விலையில் விற்கும் மட்டைகள் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் குறை கைப்பிடியில் இருந்தால் தொடாதீர்கள். பெயர் பொறித்துத் தரச் சொன்னால் பல வாரம் ஆகலாம், பொறித்ததைத் திருப்பியும் எடுக்க மாட்டார்கள். முதல் மட்டையில் பெயர் வேண்டாம், அளவே இன்னும் முடிவாகவில்லை.

சில்லறைச் செலவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கைப்பிடிக்குச் சுற்றும் டேப், கையுறை, பேரலில் தடம் பார்க்கக் கால்பவுடர் ஸ்ப்ரே அல்லது சாதாரணச் சாக்பீஸ், ஒரு நோட்டுப் புத்தகம்.

நாள் கணக்கு: ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு 8 வாரத்துக்கு முன் முதல் சுழற்றல். மட்டை கைக்கு வருவது அதற்கும் இரண்டு மூன்று வாரம் முன்னால். பருவம் நெருங்க நெருங்க நல்ல ரேகையுள்ள மட்டைகளை முந்தியவர்கள் பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள், மிச்சம்தான் நமக்கு.

5. லேபிள் மேலே பார்க்கட்டும்

ஒரு பந்தைக்கூடத் தொடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுங்கள். அலுமினியத்தில் எந்தப் பக்கம் பட்டாலும் ஒன்றுதான். மரத்தில் அப்படி இல்லை, ஒரு பக்கம் பலம், ஒரு பக்கம் பலவீனம். பலமான பக்கம் எது என்று காட்டத்தான் லேபிள் இருக்கிறது. பந்து படும் நொடியில் லேபிள் வானத்தைப் பார்க்க வேண்டும், அல்லது தரையைப் பார்க்க வேண்டும். பந்தெறியும் பிட்ச்சரையோ, பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேச்சரையோ பார்க்கக் கூடாது.

ஆஷில் அகலமான வளைவு ரேகை தெரியும் தட்டை முகத்தில் லேபிள் அடித்திருப்பார்கள், பந்து படுவது நெருக்கமான நேர்க்கோடுகள் உள்ள பக்கத்தில். மேப்பிளிலும் பிர்ச்சிலும் பலம் தட்டை முகத்தில், அதனால் லேபிளைக் கால் சுற்றுத் திருப்பி அடிக்கிறார்கள். ஆக, மரம் எதுவானாலும் ஹிட்டர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே.

சரிபார்க்க ஒரு வழி: மட்டையை, ஹிட்டருக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் பிளேட்டுக்கு மேல், பந்து படும் இடத்தில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். லேபிளை மேலே திருப்பி, அந்த நிலையில் விரல்களை இறுக்கி, அதே பிடியோடு நிலைக்கு வரட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். அடுத்த சுற்றில் லேபிள் கீழே. இப்படி மாற்றி மாற்றி அடித்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும், மட்டை நீண்ட நாள் வரும். முதல் பருவத்தில் நான் இதைச் சொல்லவே இல்லை. உடைந்த 6 மட்டைகளில் 2-இல் லேபிள் மேலேயே பந்தின் தையல் தடம் இருந்தது.

6. வாரவாரியாக

பேரலின் நுனியிலிருந்து 5 அங்குலத்திலும் 7 அங்குலத்திலும் பென்சிலால் ஒவ்வொரு கோடு போடுங்கள். பந்து படும்போது மட்டை முழுவதும் அதிரும், அந்த அதிர்வு மிகக் குறைவாக இருக்கும் இடம் ஏறக்குறைய இந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான். எட்டு வார வேலையும் பந்தை இந்த 2 அங்குலத்துக்குள் கொண்டுவருவதற்காக.

முதல் 2 வாரம்: டீ மட்டும். வாரம் 3 நாள், ஒரு சுற்றுக்கு 5 சுழற்றல், நாளுக்கு 6 சுற்று. 30 சுழற்றல்தானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். களைத்துப்போய் அடிக்கும் 31-ஆவது சுழற்றலில் பேரல் தொங்கும், அந்தத் தொங்கலைத்தான் உடம்பு மனப்பாடம் செய்துகொள்ளும். முதல் வாரம் நடுப்பந்து மட்டும், டீயை முன்காலுக்கு நேராக, தொடைக்கும் இடுப்புக்கும் நடு உயரத்தில் வைத்து. இரண்டாவது வாரத்தில் வெளிப்பக்கப் பந்துக்கு டீயைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், உள்பக்கப் பந்துக்குக் கொஞ்சம் முன்னால். இந்த முன்பின் வித்தியாசத்தை அலுமினியத்தில் ஆடியவர்கள் உணர்ந்திருக்கவே மாட்டார்கள், எங்கே பட்டாலும் போய்க்கொண்டிருந்ததால்.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் பேரலில் பவுடரை லேசாக அடியுங்கள். 5 சுழற்றல் முடிந்ததும் ஹிட்டரே மட்டையைத் திருப்பித் தடங்களைப் பார்க்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். தடம் நுனிப் பக்கம் கூடினால் உடம்பு பந்தைவிட்டு விலகுகிறது, அல்லது எட்டிப் பிடிக்கிறார். கைப்பிடிப் பக்கம் கூடினால் பந்து அவரை நெருக்கிவிட்டது: தாமதமாகச் சுழற்றுகிறார், அல்லது கைகள் உடம்பை விட்டு அகன்று வெளிவட்டமாகப் போகின்றன. தடம் உருண்டையாக இல்லாமல் நீளமாகத் தேய்த்த மாதிரி இருந்தால் பந்தின் குறுக்கே வெட்டுகிறார். பேரலின் மேல் விளிம்பில் இருந்தால் பந்து மேலே எழும்பி எளிதாகப் பிடிபடும், கீழ் விளிம்பில் இருந்தால் தரையில் உருளும். எண்ணை நோட்டில் எழுதுங்கள்: 30-இல் எத்தனை தடம் கோடுகளுக்கு நடுவில். என் பிள்ளைகளில் பலர் முதல் நாள் 7, 8 என்று ஆரம்பித்தார்கள். 18-ஐத் தாண்டாதவரை டீயை விட்டு நகர விடவில்லை, ஒருவருக்கு அது நான்காவது வாரம் வரை இழுத்தது, இழுக்கட்டும். அந்தப் பையன்தான் பருவ முடிவில் எல்லோரையும்விட அமைதியாக மட்டையைப் பிடித்து நின்றான்.

3-ஆவது வாரம்: சாஃப்ட் டாஸ். பக்கவாட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து, முன்காலுக்கு நேராக மெதுவாக எறிவது. எறிபவர் ஹிட்டருக்கு நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் முன்னால் சாய்வான கோணத்தில், ஒரு சின்னத் தடுப்புவலைக்குப் பின்னால் இருக்கட்டும். மரத்துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது.

4, 5-ஆவது வாரம்: ஃப்ரன்ட் டாஸ். எல் வடிவத் தடுப்புவலைக்குப் பின்னால் 15 முதல் 20 அடி தூரத்திலிருந்து கீழ்க்கையால் எறியுங்கள். முதலில் நடுவும் வெளிப்பக்கமும் மட்டும். உள்பக்கத்தை ஐந்தாவது வாரத்தின் பிற்பாதி வரை தொடாதீர்கள். முதல் பருவத்தில் இரண்டு பேருக்குப் பயம் வந்தது இதனால்தான்: கையை உடம்போடு சேர்த்துக் கொண்டுவரத் தெரிவதற்கு முன்னால் மெஷின் உள்ளே உள்ளே என்று போட்டுக்கொண்டிருந்தது. உள்பக்கம் ஆரம்பிக்கும்போது ஹிட்டர் கைப்பிடியில் கையை 1 அங்குலம் மேலே ஏற்றிப் பிடிக்கட்டும். குட்டை மட்டையாகிவிடும், பேரல் சீக்கிரம் வந்து சேரும், கைக்கு வலிக்காமல் பழகலாம்.

6-ஆவது வாரம்: மெஷின். ஆட்டத்தில் வரும் வேகத்தைவிட நன்றாகக் குறைத்து ஆரம்பித்து, வார முடிவில் கூட்டுங்கள். பந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வாடகைக் கேஜ் மெஷின்களில் பள்ளம் பள்ளமாக இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பந்து போடுவார்கள். அது தோல் பந்தைப் போல அமுங்காது, மரத்தை நொறுக்கும். அந்தப் பந்தில் உடைந்தால் பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதமும் செல்லாது. தையல் உள்ள தோல் பந்தைப் போட அனுமதித்தால் மரமட்டையைப் பிடியுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு அலுமினியம்தான்.

7-ஆவது வாரம்: ஆள் எறியும் பந்து. முதலில் பயிற்சியாளர், பிறகு அணியின் பிட்ச்சர். ஒரு சுற்று 6 பந்து, முதல் இரண்டில் சுழற்ற வேண்டாம், பார்த்தால் போதும். அலுமினியத்தில் எதையும் துரத்தி அடித்தவர்கள் இந்த வாரத்தில் தானாகவே பந்தைத் தேர்ந்தெடுக்க ஆரம்பிப்பார்கள். நான் எத்தனை முறை சொல்லியும் வராத பழக்கம் அது.

இடையில் ஒன்று. சுழற்றுவதற்கு முன் மட்டையில் கனமான வளையத்தை மாட்டிச் சுற்றும் வழக்கத்தை இந்த எட்டு வாரமும் நிறுத்திவையுங்கள். மரத்தின் உண்மையான கனம் கைக்குப் பழக வேண்டிய நேரத்தில் அந்த வளையம் குழப்பிவிடுகிறது.

7. உடைந்த மட்டையைக் குப்பையில் போடும் முன் படியுங்கள்

எங்கே உடைந்தது, எந்தப் பந்துக்கு, லேபிள் எங்கே இருந்தது, மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். கைப்பிடியில் உடைந்தால் உள்பக்கப் பந்து நெருக்கியிருக்கிறது. நுனிப் பக்கம் பிளந்தால் எட்டிப் போய் நுனியில் வாங்கியிருக்கிறார். பேரலில் செதில் உரிந்தால் லேபிள் தப்பு, அல்லது ஒரே பக்கத்தில் அடித்துத் தேய்த்துவிட்டார். ஒரே ஹிட்டர் ஒரே இடத்தில் இரண்டாவது முறை உடைத்தால் மூன்றாவது மட்டையைக் கொடுக்காதீர்கள், டீக்குத் திருப்பி அனுப்புங்கள். அது தண்டனை இல்லை என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். பயிற்சிக்கு முன் மட்டையை நுனியில் தளர்வாகப் பிடித்து, கைப்பிடி முடிவில் உள்ள குமிழைத் தரையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல மட்டை கணீரென்று கேட்கும், விரிந்தது சொத்தென்று கேட்கும். கைப்பிடியை இரண்டு கையாலும் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தால் விரிசல் வாய் திறக்கும். விரிந்த மட்டையில் டேப் சுற்றி ‘டீக்கு மட்டும்’ என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேண்டாம். டேப் விரிசலை மறைக்கிறது, அடுத்த மாதம் யாரோ ஒரு சின்னப் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போகும். அன்றே இரண்டாக உடைத்து எறிந்துவிடுங்கள்.

8. வைப்பதும் பராமரிப்பதும்

மரம் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும், உலர்ந்தால் நொறுங்கும். மூடிய காரின் வெயிலிலும், ஈரமான சிமென்ட் தரையிலும் விடாதீர்கள். மழையில் நனைந்தால் துடைத்துவிட்டு நிழலில் உலர விடுங்கள், ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோ, ஆடிய காலத்தில், தன் மட்டைகளை ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். நமக்குப் பெட்டி வேண்டாம், காற்றோட்டமான அறையில் ஒரு மூலை போதும். மாதம் ஒருமுறை தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதினால், மட்டை ஈரம் குடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிளேட்டைத் தட்டுவது, ஷூ மண்ணை மட்டையால் தட்டுவது, கோபத்தில் தரையில் ஓங்குவது, மூன்றையும் முதல் நாளே தடை செய்யுங்கள்.

குளிரான நாளில் பந்து இறுகிக் கல்லாகும், தப்பாகப் பட்டால் வலி இரண்டு மடங்கு. அன்றைக்கு டீயோடு முடித்துக்கொள்ளலாம்.

9. ஆட்ட மட்டைக்குத் திரும்புவது

ஆட்டமும் மரமட்டையில்தான் என்றால் 8-ஆவது வாரத்திலும் 7-ஆவது வாரத்தின் வேலையையே தொடருங்கள். அலுமினியத்தில் ஆட வேண்டியவர்களுக்குத்தான் இந்தப் படி. நிறையப் பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்கு முந்தின நாள் வரை மரத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் அலுமினியத்தை நீட்டுகிறார்கள். மட்டை திடீரென்று லேசாகிவிட, ஹிட்டர் பந்து வருவதற்கு முன்பே சுழற்றி முடித்துவிடுவார், முதல் இரண்டு ஆட்டம் ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போகும் பந்து) அடித்தே தீரும்.

8-ஆவது வாரத்தின் முதல் நாள் பாதிச் சுற்று மரம், பாதிச் சுற்று ஆட்ட மட்டை. ஒவ்வொரு நாளும் முதலில் மரம், முடிப்பது ஆட்ட மட்டையில், அந்த வரிசை மாறக் கூடாது. ஆட்டத்துக்கு முந்தின மூன்று நாளும் பிட்ச்சர் எறியும் பந்துக்கு ஆட்ட மட்டை மட்டும். பருவம் தொடங்கிய பிறகு மரத்தைக் கட்டிவைத்துவிடாதீர்கள். வாரம் இரண்டு நாள், பயிற்சியின் தொடக்கத்தில், டீயில் 15 சுழற்றல், பவுடர் போட்டு, தடம் எண்ணி. நோட்டில் அந்த எண் 15-இல் 9-க்குக் கீழே இறங்கினால், அந்த வாரம் மட்டும் அந்த ஹிட்டருக்கு ஃப்ரன்ட் டாஸும் மரமட்டையில்.